எர்ன்ஸ்ட் ஈசிங்: தன் பெயரின் புகழை அறியாதிருந்த ஆசிரியர்

காந்தங்கள் குறித்த கோட்பாட்டு இயற்பியலில் ஈசிங் மாதிரி என்ற பெயர் இன்றியமையாதது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவரான எர்ன்ஸ்ட் ஈசிங், அது உலகெங்கும் பரவியதைப் பல ஆண்டுகள் அறியாமலேயே இருந்தார்.

ஜெர்மனியின் கொலோன் நகரில், 1900 ஆம் ஆண்டு மே 10 ஆம் திகதி யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், ஹம்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் லென்ஸிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

மேல் அல்லது கீழ் என இரு திசைகளை மட்டுமே நோக்கக்கூடிய, அண்டை அணுக்களால் மட்டுமே பாதிக்கப்படும் சிறு காந்தங்களாக அணுக்களைக் கருதும் மாதிரியை அவர் ஆராய்ந்தார். அணுக்கள் ஒரே கோட்டில் அமைந்தால், வெப்பநிலை குறைந்தாலும் அவை தாமாகக் காந்தமாக மாறுவதில்லை என்று அவர் நிறுவினார். 1925 இல் வெளியான கட்டுரையில், முப்பரிமாணத்திலும் இதுவே நிலை என்று அவர் கருதியது தவறாகும்.

இரு பரிமாணத்தில் அந்த நிலைமாற்றம் உண்டென 1936 இல் ருடால்ஃப் பையர்ல்ஸ் காட்டினார். 1944 இல் லார்ஸ் ஒன்சாகர் அதற்குத் துல்லியமான கணிதத் தீர்வை வெளியிட்டார்.

இதற்கிடையே ஆசிரியப் பணியைத் தேர்ந்தெடுத்திருந்த ஈசிங், நாஜிக்கள் ஆட்சிக்கு வந்த 1933 இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவர் கற்பித்த, கபுட் என்ற ஊரிலிருந்த யூதச் சிறார் பள்ளி 1938 நவம்பரில் சூறையாடப்பட்டது.

1939 இல் அவர் லக்சம்பர்க்கில் தஞ்சமடைந்தார். ஆனால் அவரது நாற்பதாவது பிறந்த நாளன்றே ஜெர்மானியப் படைகள் அந்நாட்டுக்குள் நுழைந்தன. ரயில் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுக்கும் கட்டாய உழைப்புக்கும் அவர் பின்னர் உட்படுத்தப்பட்டார்.

போருக்குப் பின்னர், 1947 இல், அமெரிக்காவில் குடியேறிய அவர், மறு ஆண்டு முதல் இல்லினாய் மாநிலத்தின் பிராட்லி பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தமது பழைய ஆய்வு பெரும் துறையாக வளர்ந்திருப்பதை 1949 இல்தான் அறிந்தார்.

1950 இல் கிரெகரி வானியர் இதே மாதிரியை முக்கோணப் பின்னலில் ஆராய்ந்தார். அண்டையிலுள்ள காந்தங்கள் எதிரெதிர்த் திசையை நாடினால், முக்கோணத்தின் இரு முனைகள் இணங்கலாம். மூன்றாவது முனையோ இரண்டுக்கும் எதிராக நிற்க இயலாது. எனவே எவ்வளவு குளிர்வித்தாலும் அங்கு ஒழுங்கு பிறப்பதில்லை. பிற்காலத்தில் விரக்தி எனப் பெயர் பெற்ற இந்நிலை இன்றும் தீவிரமாக ஆராயப்படுகிறது.

ஈசிங் அந்த ஆய்வுகளில் பங்கேற்கவில்லை. 1976 வரை வகுப்பறையில் பணியாற்றிய அவர், 1998 மே 11 ஆம் திகதி காலமானார். பிழையான முடிவொன்றையும் கொண்டிருந்த அவரது சிறு கட்டுரை எழுப்பிய கேள்வி, அதன் விடையைக் காட்டிலும் நீண்ட ஆயுளைப் பெற்றது.