ரூ.7,000-க்கு சுவீகாரம் போன முத்தையா... கண்ணதாசன் ஆனது எப்படி? பெற்ற வீடும் வளர்த்த வீடும் சேர்ந்த ஒரு கவிஞரின் கதை

சின்ன வயதில் தத்துப்போன பிள்ளை, வளர்ந்த பிறகு பெற்றவர்களைத் தேடிப் போகும் கதைகளை அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம். தேடிப் போனவர் சாதாரண ஆள், கண்டுபிடித்த பெற்றோர் பிரபலம் என்றால் அது வைரல். அந்தப் பிள்ளையே பிரபலம் என்றால் அதைவிட வைரல்.

தமிழ்நாட்டுக்கே தெரிந்த ஒருவர் அப்படி சுவீகாரம் போன பிள்ளைதான். ஆனால் அவர் பெற்றவர்களைத் தேடி அலைய வேண்டியே வரவில்லை. அவர் கவிஞர் கண்ணதாசன். ஏன் தேட வேண்டி வரவில்லை? அதைப் புரிந்துகொள்ள செட்டிநாட்டுக்குப் போக வேண்டும்.

எட்டாவது பிள்ளை முத்தையா

காரைக்குடி அருகே உள்ள சின்ன கிராமம் சிறுகூடல்பட்டி. இன்று சிவகங்கை மாவட்டம், அன்று ராமநாதபுரம் மாவட்டம். அங்கே நகரத்தார் குடும்பம் ஒன்றில் சாத்தப்பன் செட்டியார் - விசாலாட்சி ஆச்சி தம்பதிக்கு எட்டாவது பிள்ளையாக 1927 ஜூன் 24-ஆம் தேதி பிறந்தார். வைத்த பெயர் முத்தையா.

பிள்ளைகள் நிறைய இருந்த வீடு அது. பிள்ளை வேண்டும் என்று காத்திருந்த இன்னொரு வீடும் இருந்தது. சின்ன வயதிலேயே முத்தையாவை சிகப்பி ஆச்சி சுவீகாரம் எடுத்துக்கொண்டார். இதற்காகக் கைமாறிய தொகை 7,000 ரூபாய். புது வீட்டில் பெயரும் மாறியது. முத்தையா, நாராயணன் ஆனார்.

7,000 ரூபாய் என்றால் அன்றைக்கு எவ்வளவு?

இன்று 7,000 ரூபாய் ஒரு சுமாரான செல்போன் விலை. அன்று அப்படி இல்லை. கண்ணதாசன் பிறந்த அதே 1927-இல்தான் ரூபாய்க்கும் பவுனுக்கும் மாற்று விகிதத்தை அரசு சட்டம் போட்டு நிர்ணயித்தது. அதன்படி ஒரு பிரிட்டிஷ் சவரன் சுமார் 13 ரூபாய் 5 அணா. அப்படிப் பார்த்தால் 7,000 ரூபாய் என்பது ஏறக்குறைய 525 சவரன். இன்றைய விலையில் எவ்வளவு வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அப்போ குழந்தையை விற்றார்களா? இன்று இதைப் படிக்கும் யாருக்கும் வரும் கேள்விதான். அதற்கு அந்தக் காலத்து வழக்கம் என்ன என்று தெரிய வேண்டும்.

பிள்ளை கூட்டுதல் என்றால் என்ன?

நகரத்தார் பேச்சில் இதற்குப் பெயர் பிள்ளை கூட்டுதல். ஆண் வாரிசு இல்லாத வீடு, உறவு முறைக்குள் இருந்து ஒரு பையனைக் கூட்டிக்கொள்வது. இதற்கு மூன்று காரணங்கள் இருந்தன.

முதல் காரணம், தொழில். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டி வட்டிக்கடை நடத்தியவர்கள் நகரத்தார். கடையும் கணக்கும் விலாசத்தின் பெயரில் ஓடும். விலாசம் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு இனிஷியல் மாதிரி; சந்தையில் அது அந்தக் குடும்பத்தின் நம்பகத்தன்மை. வாரிசு இல்லை என்றால் விலாசம் நின்றுவிடும்.

இரண்டாவது, சடங்கு. கொள்ளி போடவும் திதி கொடுக்கவும் மகன் வேண்டும் என்ற நம்பிக்கை.

மூன்றாவது, சொத்து. அந்தக் காலத்து இந்து சட்டத்தில் மகன் இல்லாத விதவைக்குக் கணவர் சொத்தில் முழு உரிமை கிடையாது. சுவீகாரப் பிள்ளை வந்தால் அந்தச் சொத்துக்கு ஒரு சட்டப்பூர்வ வாரிசு இருப்பான். இதில் இன்னொரு விஷயம். கணவர் அனுமதி கொடுக்காமலே இறந்துவிட்டால் விதவை சுவீகாரம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு 1868-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொன்னது. பங்காளிகள் சம்மதித்தால் எடுக்கலாம் என்று சென்னை மாகாணத்துக்கு வழி திறந்த வழக்கு அது. அந்த வழக்கு போனதே பக்கத்து ராமநாதபுரம் ஜமீனில் இருந்துதான்.

பையனுக்கு மஞ்சள் நீர் குடிக்கக் கொடுத்து, சொந்தபந்தம் முன்னால் சுவீகாரம் நடக்கும். அதோடு அவன் புது வீட்டுப் பிள்ளை. பிள்ளையைக் கொடுத்த வீட்டுக்குப் பணம் தருவதும் வழக்கமாக இருந்தது.

முக்கியமான விஷயம் இதுதான். எல்லாமே ஊர் அறிய நடந்தது. யார் பெற்றது, யார் கூட்டியது, எவ்வளவு கைமாறியது என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்கும் தெரியும். சுவீகாரத்தில் ரகசியம் என்று ஒன்று இல்லை.

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு

சிறுகூடல்பட்டியிலும் அமராவதிபுதூரிலும் படிப்பு. எட்டாம் வகுப்போடு சரி. 1943-இல் சென்னை திருவொற்றியூரில் ஏஜாக்ஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வயது 16. மனசு வேலையில் இல்லை, எழுத்தில் இருந்தது.

அடுத்த ஆண்டே புதுக்கோட்டைப் பகுதியில் இருந்து வந்த திருமகள் பத்திரிகையில் இடம் கிடைத்தது. 17 வயதில் ஆசிரியர். அங்கேதான் அந்த மூன்றாவது பெயர் வருகிறது. புனைபெயர் என்ன என்று கேட்டபோது, சட்டென்று மனதில் தோன்றிய பெயரைச் சொன்னார். கண்ணதாசன். பாரதிதாசன், கம்பதாசன் என்று தாசன்கள் புகழோடு இருந்த காலம் அது.

கவனியுங்கள். முத்தையா, பெற்றவர்கள் வைத்தது. நாராயணன், வளர்த்தவர்கள் வைத்தது. கண்ணதாசன், அவரே வைத்துக்கொண்டது. ஊருக்கு நிலைத்தது மூன்றாவதுதான். இதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. கண்ணனே தேவகி பெற்று யசோதை வளர்த்த பிள்ளைதானே!

பழைய பெயரும் முழுசாகப் போய்விடவில்லை. பின்னாளில் அவர் வைத்துக்கொண்ட இன்னொரு புனைபெயர் காரைமுத்துப் புலவர். அதில் காரையும் இருக்கிறது, முத்துவும் இருக்கிறது.

சினிமா, சிறை, அரசியல்

1949-இல் கன்னியின் காதலி படத்தில் முதல் பாடல். அதே ஆண்டு தொடங்கிய திமுகவில் அவரும் இருந்தார். 1953 கல்லக்குடி போராட்டத்தில் சிறைக்குப் போனார். மாங்கனி என்ற காவியத்தை எழுதியது அந்தச் சிறைவாசத்தில்தான். சிறைக்கு வெளியே தென்றல், முல்லை என்று பத்திரிகைகள் நடத்தினார். மாலையிட்ட மங்கை, சிவகங்கைச் சீமை என்று படங்களும் தயாரித்தார்.

1961-இல் ஈ.வெ.கி.சம்பத்துடன் திமுகவை விட்டு வெளியேறினார். தமிழ் தேசியக் கட்சி, பிறகு காங்கிரஸ். கடவுள் மறுப்பு பேசிய கவிஞர் பிற்காலத்தில் அர்த்தமுள்ள இந்து மதமும் எழுதினார், இயேசு காவியமும் எழுதினார்.

அந்த அரசியல் வாழ்க்கையைச் சொல்லும் சுயசரிதை வனவாசம். அதில் தன்னை நான் என்று சொல்லாமல், அவன் என்று யாரோ ஒருவரைப் போல எழுதினார். தன் குறைகளைக்கூட அதில் மறைக்கவில்லை.

பெற்ற வீடு விட்டுப்போனதா?

இல்லை. இதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம்.

சுவீகாரம் போனால் சட்டப்படி பெற்ற வீட்டோடு உறவு முடிந்தது. நடைமுறையில் அப்படி நடக்கவில்லை. சினிமா தயாரிப்பாளர் ஏ.எல்.சீனிவாசன், கண்ணதாசன் கூடப்பிறந்த அண்ணன். பாடல் எழுதும்போது பக்கத்தில் உதவியாளராக இருந்த பஞ்சு அருணாசலம், அண்ணன் மகன். அவரும் சிறுகூடல்பட்டிக்காரர்தான். பின்னாளில் 1976-இல் அன்னக்கிளி மூலம் இளையராஜாவை அறிமுகம் செய்தவர் இதே பஞ்சு அருணாசலம். பிறந்த ஊரான சிறுகூடல்பட்டியின் மலையரசி அம்மன் மீதும் கவிஞருக்குக் கடைசிவரை பக்தி இருந்தது.

அதாவது சுவீகாரத்தில் மாறியது பெயரும் வாரிசுரிமையும். பெற்ற வீட்டுக் கதவு மூடவில்லை. அதனால்தான் தேடல் என்ற ஒன்று அவர் வாழ்க்கையில் இல்லை.

கர்ணனுக்குப் பாட்டு எழுதியவர்

1964 பொங்கலுக்கு வந்தது கர்ணன். பி.ஆர்.பந்துலு இயக்கம், சிவாஜி நடிப்பு, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. பாடல்கள் கண்ணதாசன்.

யோசித்துப் பாருங்கள். பிரபலமான தாயைப் பெற்றவர் என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளையின் கதை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கர்ணன்தான். பெற்றவள் அரசி குந்தி. வளர்த்தது தேரோட்டி வீடு. யார் பிள்ளை என்ற கேள்விக்குப் பதில் தெரியாததால் சபையில் அவமானம். பதில் கிடைத்தபோது போர் வாசலில் நின்றது. தெரிந்த பிறகும் அவன் வளர்த்தவர்களையும் சேர்த்துக்கொண்ட நண்பனையும் விடவில்லை.

எழுதும்போது கவிஞர் தன் கதையை நினைத்தாரா என்பது நம்மால் சொல்லக்கூடியது இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கர்ணனைக் கொன்றது ரகசியம். முத்தையாவுக்கு அந்த ரகசியம் இல்லை. 2012-இல் டிஜிட்டலில் மறுபடி வெளியானபோதும் கர்ணன் கூட்டம் கூட்டியது.

இன்னொரு படமும் உண்டு. 1968-இல் வந்த குழந்தைக்காக. குற்றவாளிகள் மூன்று பேர் கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை வந்து சேர, அவர்கள் மனசு மாறும் கதை. சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருது முதன்முதலில் கண்ணதாசனுக்குக் கிடைத்தது இந்தப் படத்துக்குத்தான்.

சிகாகோவில் முடிந்த வாழ்க்கை

1978-இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் தமிழக அரசவைக் கவிஞர். 1980-இல் சேரமான் காதலி நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது. அடுத்த ஆண்டு அமெரிக்கா போனவர் அங்கே உடல்நலம் குன்றினார். 1981 அக்டோபர் 17-இல் சிகாகோவில் காலமானார். வயது 54. உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

இன்று இப்படி சுவீகாரம் எடுக்க முடியுமா?

முடியாது. சட்டம் மாறிவிட்டது.

* 1956 இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, தத்துக்காகப் பணம் கொடுத்தாலும் வாங்கினாலும் குற்றம். 6 மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.
* அதே சட்டப்படி, முறையாக நடந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது. பிள்ளை திரும்பிப் போகவும் முடியாது.
* பெற்ற குடும்பத்தோடு சட்ட உறவு முடிந்துவிடும். ஆனால் ரத்த உறவுக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்ற தடை மட்டும் தொடரும்.

பணம் கைமாறுவதைத் தடுத்தது நல்லதுதான். குழந்தைக்கு விலை இருக்கக்கூடாது. அதில் இரண்டு கருத்து இல்லை.

பெற்றவர்களைத் தேட விரும்பினால்?

இல்லங்கள் வழியாகத் தத்துப்போகும் பிள்ளைகளுக்குப் பெற்றவர் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. தமிழ்நாட்டில் இருந்து ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துப்போனவர்கள், பெரியவர்களான பிறகு ஒரு பழைய போட்டோவையும் ஒரு காகிதத்தையும் வைத்துக்கொண்டு சென்னைத் தெருக்களில் தேடுவது இதனால்தான்.

இந்தியாவில் இதற்கு வழி உண்டு. மத்திய தத்துவள ஆணையமான காராவின் 2022 விதிமுறைகளில் வேர் தேடல் என்ற பிரிவு இருக்கிறது. 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பெற்றவர்களின் அந்தரங்க உரிமையை மீறக் கூடாது. அவர்கள் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருந்தால், அவர்கள் சம்மதம் தேவை. பெற்றவர் பிரபலமாக இருந்தாலும் இதே விதிதான்.

உலகத்துக்கே தெரிந்த உதாரணம் ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1955-இல் பிறந்ததுமே தத்துப்போனவர். வளர்ந்த பிறகு பெற்ற தாயைத் தேடிக் கண்டுபிடித்தார். கூடப்பிறந்த தங்கை, நாவலாசிரியர் மோனா சிம்ப்சனோடு நெருக்கமானார். பெற்ற தந்தை யார் என்று தெரிந்த பிறகும் அவரோடு உறவு வைத்துக்கொள்ளவில்லை. தேடலாமா, தேடிய பிறகு பேசலாமா என்பது அந்தப் பிள்ளையின் முடிவுதான்.

கண்ணதாசனுக்கு அந்த முடிவை எடுக்க வேண்டிய கட்டாயமே வரவில்லை. காரணம் 7,000 ரூபாய் இல்லை. பெற்ற ஆச்சி யார், வளர்த்த ஆச்சி யார் என்று ஊரும் உறவும் அவரிடம் மறைக்கவில்லை. அந்தப் பழைய வழக்கத்தில் இன்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒன்று இருந்தால், அது இதுதான். தத்தெடுத்த பிள்ளையிடம் சின்ன வயதிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது.