வாய்மையே வழிபாடு: மாயூரம் வேதநாயகம்

வழிபாட்டு வேளையில் வாய்மையைப் போற்றுதல் எவர்க்கும் எளிது. வழக்குமன்றத்திலும் கடைத்தெருவிலும் இல்லத்திலும் அதனைக் கைவிடாது காத்தல் அரிது. தாம் கொண்ட கிறித்தவ சமயப்பற்றை அன்றாடக் கடமைகளின் வாயிலாகவே வெளிப்படுத்தி வாழ்ந்த சான்றோர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் இருந்தார். தமிழின் முதல் புதினத்தைப் படைத்தவர் என்று நாம் அறிந்திருக்கும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையே அவர். அவரை நீதிபதியாகவும் இறையன்பராகவும் அறிந்துகொள்வோம்.

பிறப்பும் கல்வியும்

வேதநாயகம் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு இறைப்பற்று இளமையிலேயே இயல்பாக அமைந்தது. தியாகராச பிள்ளை என்னும் ஆசிரியரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். ஒரு மொழியில் நூலறிவும் மற்றொன்றில் ஆட்சியறிவும் பெற்ற அவருக்கு, இரண்டையும் இணைக்கும் பணியே பின்னாளில் வாழ்க்கைப் பணியாயிற்று.

திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். ஒருவர் சொன்ன சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் மற்றொரு மொழியில் எடுத்துரைப்பதே மொழிபெயர்ப்பாளரின் கடமை. ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவர் நிலத்தை இழக்கக்கூடும். மற்றொருவர் தமக்கு உரிமையில்லாத பொருளைப் பெறக்கூடும். வாய்மை என்பது பெருஞ்செயல்களில் மட்டுமன்றி, ஒவ்வொரு சொல்லிலும் காக்கப்பட வேண்டியது என்பதை அப்பணி அவருக்கு நாள்தோறும் உணர்த்தியிருக்கும்.

நீதிபதி இருக்கையில்

1857ஆம் ஆண்டு வேதநாயகம் தரங்கம்பாடியில் முன்சீப் எனப்படும் மாவட்ட உரிமையியல் நீதிபதியாகப் பொறுப்பேற்றார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தமையால் அவ்வூரின் பெயர் அவர் பெயரோடு ஒன்றிவிட்டது.

முன்சீப் நீதிமன்றத்திற்கு வருவோர் பெரும்பாலும் எளிய மக்கள். வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப்பிரிவினை, தத்துரிமை ஆகியவையே அவர்களின் வழக்குகள். பொய்ச்சான்று கூறுவோரும், கையூட்டுக் கொடுத்துத் தீர்ப்பை வளைக்க முயல்வோரும் அன்றும் இருந்தனர். அத்தகைய சூழலில் நேர்மை பிறழாத நீதிபதி என்று வேதநாயகம் பெயர் பெற்றார். கையூட்டு வாங்கும் அலுவலரைத் தம் தனிப்பாடல்களில் நகைச்சுவையோடும் கடுமையோடும் சாடினார்.

1859ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நீதிநூல், இந்த அனுபவத்தின் விளைவு எனலாம். இறைவனின் இயல்பைப் போற்றித் தொடங்கும் அந்நூல், பெற்றோரைப் பேணுதல், பொய் கூறாமை, களவு செய்யாமை, கைக்கூலி வாங்காமை, புறங்கூறாமை, சோம்பலை நீக்குதல், விலங்குகளைத் துன்புறுத்தாமை என அன்றாட ஒழுக்கங்களை அறிவுறுத்துகிறது. இறைவனை வணங்குபவர் அண்டை வீட்டாரைப் பற்றிப் புறங்கூறலாகாது, அலுவலகத்தில் கைந்நீட்டலாகாது, வாயில்லா உயிரை வருத்தலாகாது. வழிபாடும் ஒழுக்கமும் அவருக்கு இருவேறு துறைகள் அல்ல என்பதை இந்நூலின் அமைப்பே காட்டுகிறது.

மக்கள் அறியும் மொழியில் நீதி

வேதநாயகத்தின் மனத்தை உறுத்திய மற்றொரு குறை நீதிமன்றத்தின் மொழியாகும். சென்னையில் இருந்த சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளே கீழ்நிலை நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியாக விளங்கின. அவையோ ஆங்கிலத்தில் இருந்தன. வழக்காடுவோர் பலருக்கும் அம்மொழி தெரியாது. தம் நிலம் எக்காரணத்தால் தம்மை விட்டுப் போயிற்று என்பதை அறியாமலேயே ஓர் உழவர் நீதிமன்றப் படியிறங்கிச் செல்லும் நிலை இருந்தது.

தீர்ப்பு நேர்மையானதாகவே இருக்கலாம். ஆயினும் அதன் காரணம் தோற்றவருக்கும் விளங்க வேண்டும். விளங்காதபோது அவருக்கு நீதியும் அநீதியும் ஒன்றாகவே தோன்றும். இதனை உணர்ந்த வேதநாயகம், 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் பெயர்த்து, 1862ஆம் ஆண்டு சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் நூலாக வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான். ஐம்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துத் தீர்ப்புகளை, சட்டச் சொற்களுக்கு நிலைத்த தமிழ் வழக்கு உருவாகாத அக்காலத்தில், ஒருவர் தம் அலுவலுக்கிடையே மொழிபெயர்ப்பது எளிய செயலன்று. அதற்கென அரசு அவரைப் பணித்திருக்கவில்லை. கடமையெனத் தாமே மேற்கொண்டார்.

இதே கருத்தைப் பிற்காலத்தில் தம் புதினத்திலும் வலியுறுத்தினார். நீதிபதியும் தமிழர், கட்சிக்காரரும் தமிழர் என இருக்கையில் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடுவதன் பொருந்தாமையை எள்ளி நகையாடும் பகுதி அதில் உண்டு.

இல்லமும் பெண்கல்வியும்

பெண்களுக்குக் கல்வி வேண்டியதில்லை என்று பலரும் எண்ணிய காலம் அது. வேதநாயகம் நீதிநூலிலேயே மாதரைப் படிப்பித்தல் குறித்துப் பாடினார். 1869இல் பெண்மதி மாலையை வெளியிட்டார். பெண்கல்வியை வலியுறுத்தி உரைநடையிலும் எழுதினார். மனைவிக்குரிய கடமைகளாக அவர் கூறுவனவற்றுள் சில இன்று நமக்கு ஏற்புடையனவாக இல்லாமற் போகலாம். தம் காலத்தின் எல்லையை அவர் முற்றிலும் கடந்துவிடவில்லை. எனினும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அறிவை அளித்தவர் ஒரே இறைவன் என்னும்போது, ஒருவர்க்கு மட்டும் கல்வியை மறுப்பது அறமாகாது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

1879இல் அச்சேறிய பிரதாப முதலியார் சரித்திரம் இதற்குச் சான்று. தமிழில் உரைநடைக் கதைநூல்கள் இல்லாத குறையைப் போக்க எழுந்த அந்நூலில், கதைத்தலைவனைவிடத் தலைவி ஞானாம்பாளே அறிவிற் சிறந்தவளாகப் படைக்கப்பட்டிருக்கிறாள். ஆணுடையில் சென்று, ஒரு நாட்டின் அரசுப் பொறுப்பை ஏற்று, நீதி வழுவாது ஆள்பவளாக அவளைக் காட்டுகிறார். நீதிபதியாக இருந்த ஒருவர் தம் கனவு நாட்டின் நீதியை ஒரு பெண்ணின் கையில் ஒப்படைத்தது கருதத்தக்கது. 1887இல் சுகுணசுந்தரி என்னும் இரண்டாம் புதினமும் வெளிவந்தது.

சமயப்பற்றும் சமய நட்பும்

வேதநாயகம் தம் சமயத்தில் உறுதியானவர். திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி முதலிய பக்தி நூல்கள் அவரது கிறித்தவப் பற்றினின்று எழுந்தவை. ஆயினும் அவ்வுறுதி பிற சமயத்தாரிடமிருந்து அவரை விலக்கவில்லை. பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரின் நெருங்கிய நண்பர். சைவப் புலவராகிய அவர், கிறித்தவராகிய வேதநாயகத்தைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக்கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடமும் வேதநாயகம் நட்புப் பூண்டிருந்தார். இந்நட்புகளை உ.வே.சாமிநாதர் தம் எழுத்துகளில் பதிவு செய்துள்ளார்.

எச்சமயத்தாரும் மனமொன்றிப் பாடத்தக்க பாடல்களை இயற்ற விரும்பிய வேதநாயகம், 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்னும் நூலை வெளியிட்டார். எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான இறைவனைப் போற்றும் பாடல்களோடு, அன்றாட வாழ்வின் துயரங்களையும் அலுவலகத் தொல்லைகளையும் இறைவனிடம் முறையிடும் பாடல்களும் அதில் உள்ளன. அவற்றுட் சில இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன. தம் சமயத்தை விட்டுக்கொடுக்காமலும் பிறர் சமயத்தைப் பழிக்காமலும் ஒருவர் வாழ இயலும் என்பதற்கு இந்நூல் எடுத்துக்காட்டாகும்.

பஞ்சத்தில் விளங்கிய ஈகை

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் வைத்திருந்தனர். மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, பசியால் மாண்டோர் இலட்சக்கணக்கானோர். அப்போது வேதநாயகம் பதவியில் இல்லை. அரசு ஊதியமும் இல்லை. எனினும் தம் கைப்பொருளைக் கொண்டு பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். இல்லை என்று வந்தவரிடம் சாதி சமயம் வினவவில்லை.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரப் பகுதியில் வாழ்ந்தவர். வேதநாயகத்தின் ஈகையைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்த அவர், அவரைப் புகழ்ந்து கீர்த்தனை இயற்றினார். இறைவனையே பாடிவந்த ஒருவர் மற்றொரு சமயத்தைச் சேர்ந்த மனிதரைப் பாட நேர்ந்ததற்கு அக்கஞ்சியே காரணமாயிற்று.

நிறைவாக

மாயூரம் நகர்மன்றத் தலைவராகவும் தொண்டாற்றிய வேதநாயகம், 1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் மறைந்தார். தமிழ்ப் புதினத்தின் முன்னோடி என்னும் சிறப்பு அவருக்கு என்றும் உண்டு. ஆனால் புதினம் எழுதுவதற்கு முன்பே அவர் வாழ்க்கை ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது. பிறழாத மொழிபெயர்ப்பு, விலைபோகாத தீர்ப்பு, எளியவர்க்கும் விளங்கும் தமிழ், பெண்களுக்குக் கல்வி, பசித்தவர்க்குக் கஞ்சி ஆகிய இவற்றையே அவர் இறைவனுக்குரிய காணிக்கைகளாகக் கருதி வாழ்ந்தார். இவற்றுள் எதுவும் நம் கைக்கு எட்டாதது அன்று. அவரவர் செய்யும் தொழிலில் வாய்மையைக் கடைப்பிடிப்பதே அவரைப் போற்றும் நெறியாகும்.