கரும்பை ஆராய்ந்த காரிகை

பொங்கல் திருநாளில் வாசலில் நிறுத்தும் கரும்பை நாம் அனைவரும் அறிவோம். அக்கரும்பின் உயிரணுக்களை நம் கோவையிலேயே அமர்ந்து ஆராய்ந்த பெண்மணியை அறிந்தவர் சிலரே. அவர்தாம் டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

இவர் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் மலபாரிலுள்ள தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் ஒரு நீதிபதி. செடிகொடிகளில் ஈடுபாடு மிக்கவர். இளவயதிலேயே பெண்களுக்கு மணம் முடித்துவிடும் அக்காலத்தில், ஜானகி கல்வியையே தம் வாழ்வாகத் தேர்ந்துகொண்டார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையானார். பின்னர் பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-இல் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். நியூகினித் தீவிலிருந்து பரவிய தடித்த கரும்பு இனிப்பு மிக்கது. ஆனால் வட இந்தியக் குளிரையும் நோய்களையும் தாங்காது. ஆற்றங்கரை நாணலோ இனிப்பற்றது; எனினும் எதையும் தாங்கும். இவ்விரண்டையும் கலந்து புதிய கரும்பு வகைகளை உண்டாக்கும் பணி அங்கு முன்னரே தொடங்கியிருந்தது. அக்கலப்பில் நிகழ்வது என்ன என்பதை, நுண்ணோக்கி வழியே குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார் ஜானகி அம்மாள். கரும்பை மக்காச்சோளத்துடனும் கலந்து காட்டினார். சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி 1935-இல் அவரை உறுப்பினராக ஏற்றது.

ஆயினும், தனித்து வாழும் பெண் என்பதாலும், பிறர் தாழ்வாக எண்ணிய சமூகத்தில் பிறந்தவர் என்பதாலும் அவர் பட்ட இன்னல்கள் பல. 1939-இல் எடின்பரோ மாநாட்டிற்குச் சென்றவர், உலகப் போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். குண்டுமழைக்கு நடுவிலும் ஆராய்ச்சியை விடவில்லை. பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலை டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து 1945-இல் வெளியிட்டார். வைஸ்லி தோட்டத்தில் அவர் பணியாற்றியதன் நினைவாக, வெண்ணிற மக்னோலியா மலர் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டினைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7-ஆம் நாள், சென்னையை அடுத்த மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் பணியில் இருக்கும்போதே மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அன்பு மாணவியரே! இனிய கரும்புக்கு உறுதியைத் தந்தது, யாரும் பொருட்படுத்தாத நாணலே. அதனைக் கண்டு ஆராய்ந்த அம்மையாரின் வாழ்வும் அத்தகையதே. நம்மை ஒதுக்குவோரைக் கண்டு தளராமல் கற்போம். கற்றதால் நாட்டுக்குப் பயன் தருவோம்.