பிரான்சு கியூமோன்

பிரான்சு கியூமோன் (ஜனவரி 3, 1868 - ஆகஸ்ட் 20, 1947) பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த தொல்லியலாளரும் சமய வரலாற்றாய்வாளரும் ஆவார். உரோமைப் பேரரசில் பரவியிருந்த மித்ரா மறைசமயம் பற்றிய ஆய்வுகளுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

ஆல்சுட்டு நகரில் பிறந்த கியூமோன் கென்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் பான், பெர்லின், வியன்னா, பாரிசு ஆகிய நகரங்களில் கல்வியைத் தொடர்ந்தார். 1892 முதல் கென்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1899 முதல் பிரசெல்சு அரச அருங்காட்சியகத்தில் காப்பாளராகவும் பணியாற்றி, அங்கிருந்த பண்டைய சிற்பங்களுக்கும் கல்வெட்டுகளுக்கும் விளக்கப் பட்டியல் தயாரித்தார்.

மித்ரா ஆய்வு

மித்ரா சமயத்தினர் குகை போன்ற சிறு கோயில்களில் இரகசியமாக வழிபட்டனர். காகம் முதல் தந்தை வரை ஏழு படிநிலைகள் அவர்களிடையே இருந்தன. தமது கொள்கையை விளக்கும் நூல் எதையும் அவர்கள் விட்டுச் செல்லவில்லை. எஞ்சியவை சிற்பங்களும் கல்வெட்டுகளும், பிற எழுத்தாளர்களின் சிதறலான குறிப்புகளுமே. மித்ரா காளையைக் கொல்வதும், நாயும் பாம்பும் தேளும் அதனைச் சூழ்ந்திருப்பதுமான காட்சி இக்கோயில்களின் மையச் சிற்பமாகும்.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் சிதறிக் கிடந்த இச்சான்றுகளைத் திரட்டி, 1894 முதல் 1899 வரை இரு பெரும் தொகுதிகளாகக் கியூமோன் வெளியிட்டார். அப்போது அவர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர் என்பது வியப்புக்குரியது. இச்சமயம் ஈரானிலிருந்து ஆசியா மைனர் வழியாக உரோமை அடைந்தது என்பது அவரது முடிபு. 1906 இல் கீழைச் சமயங்கள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

பதவி விலகல்

1910 இல் கென்ட் பல்கலைக்கழகத்தில் உரோமை வரலாற்றுப் பேராசிரியர் பதவிக்கு ஆசிரியர் குழு அவரைப் பரிந்துரைத்தது. கத்தோலிக்கக் கட்சி அரசின் அமைச்சர் இதனை ஏற்க மறுத்தார். கியூமோன் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். 1912 இல் அருங்காட்சியகப் பணியையும் துறந்தார். அதன்பின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிலையான பதவி ஏற்காமல், பாரிசிலும் உரோமிலும் தனி ஆய்வாளராகவே வாழ்ந்தார். சொந்தச் செல்வம் இருந்ததால்தான் இது இயன்றது எனலாம்.

தூரா யூரோப்பசு

1922, 1923 ஆம் ஆண்டுகளில் சிரியாவில் யூப்ரடீசு ஆற்றங்கரையிலுள்ள தூரா யூரோப்பசில் அகழாய்வு நடத்தி, அதன் முடிவுகளை 1926 இல் வெளியிட்டார். பின்னர் யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சுக் கல்விக்கழகமும் இணைந்து நடத்திய அகழாய்வில், 1934 இல் அங்கு ஒரு மித்ரா கோயில் கிடைத்தது. அதன் ஓவியங்கள் இன்று யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ளன. இக்கோயிலைப் பற்றிக் கியூமோன் எழுதிய ஆய்வு, அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் 1975 இல்தான் ஆங்கிலத்தில் அச்சேறியது.

பிற்கால மதிப்பீடு

1971 இல் மான்செஸ்டரில் நடந்த மித்ரா ஆய்வு மாநாட்டில் அவரது ஈரானியத் தோற்றக் கொள்கை கடுமையாக விமர்சிக்கப்பட்டது. மித்ரா காளையைக் கொன்றதாக ஈரானிய நூல் எதுவும் கூறவில்லை என்பது முக்கிய மறுப்பாகும். சொராட்டிரிய மரபில் ஆதிக் காளையைக் கொல்வது தீய சக்தியான அகிரிமான் ஆகும். இச்சிற்பத்தை விண்மீன் தொகுதிகளின் வரைபடமாகக் கொள்வோரும் உளர். எனினும் அவரை மறுத்தவர்களும் அவர் திரட்டிய சான்றுகளிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. 1950களில் வெர்மாசெரன் வெளியிடத் தொடங்கிய புதிய தொகுப்பும் அவரது அடித்தளத்தின் மீதே எழுந்தது.

இறப்புக்குப் பின் உரோமர்கள் கொண்டிருந்த நம்பிக்கைகளைப் பற்றிய அவரது இறுதி நூல், அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின் 1949 இல் வெளிவந்தது. அவரது நூலகம் உரோமிலுள்ள பெல்ஜியக் கல்விக்கழகத்தில் உள்ளது.