மணலி தந்த வள்ளல் முத்துக்கிருஷ்ண முதலியார்

எர்ணாவூருக்கு மேற்கே கால்வாயைக் கடந்து சென்றால் மணலி. இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளும், உரத் தொழிற்சாலையும், சாலையோரம் வரிசையாய் நிற்கும் சரக்கு வண்டிகளுமே நம் கண்முன் தோன்றும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்போ புலவர்க்கும் இசைவாணர்க்கும் மணலி என்றால் அது ஒரு வள்ளலின் வாயில். அவ்வாயிலுக்குரியவர் முத்துக்கிருஷ்ண முதலியார். நம் வட்டாரம் ஈன்ற அப்பெருமகனார் ஆற்றிய தொண்டின் அருமையை உணர, சென்னைப் பட்டணம் தோன்றிய வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

1639ஆம் ஆண்டில், ஆர்மகான் பண்டகசாலையிலிருந்த ஆங்கில வணிகர் பிரான்சிஸ் டே, துணிக் கொள்முதலுக்கேற்ற இடம் தேடிக் கடற்கரை வழியே தெற்கே வந்தார். பேரி திம்மப்பா என்னும் வணிகர் அவருக்குத் துவிபாஷியாய்த் துணைநின்றார். தாமல் வேங்கடாத்திரி நாயக்கர் சென்னைக் கடற்கரையின் ஒரு துண்டு நிலத்தில் கோட்டை எழுப்பிக்கொள்ள இசைவு தந்தார். மறு ஆண்டே கோட்டைப் பணி தொடங்கிற்று. நாயக்கரின் தந்தை சென்னப்பரின் பெயரால் ஊர் சென்னப்பட்டணம் எனப் பெயர் பெற்றது.

பாட நூல்கள் இவ்வளவோடு நின்றுவிடும். ஆனால் மணல்மேட்டில் மதில் எழுப்பியதனால் மட்டும் ஊர் உண்டாகிவிடாது. தெற்கே மயிலையும் திருவல்லிக்கேணியும், வடக்கே திருவொற்றியூரும் பல நூற்றாண்டுகளாகப் பாடல் பெற்று விளங்கிய தலங்கள். அவற்றின் இடையே தோன்றிய புதிய குடியிருப்பில் நெசவாளரும் சாயத் தொழிலாளரும் தரகரும் வந்து குடியேறினர். அவர்கள் நடுவே எழுந்தது சென்னகேசவப் பெருமாள் கோயில். கும்பினியாருக்கு வெடிமருந்து செய்துகொடுத்த நாகபட்டர் 1646இலும், பேரி குடும்பத்தார் 1648இலும் அக்கோயிலுக்குச் செய்த அறக்கொடைகள் ஏடுகளில் பதிவாகியுள்ளன. கோட்டை கும்பினியாரின் உடைமை; கோயிலோ குடிகளின் உடைமை. பண்டகசாலையை ஊராக்கியது அக்கோயிலே எனில் அது மிகையன்று.

ஒரு நூற்றாண்டுக்குப்பின் அவ்வூருக்குச் சோதனை வந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையை ஒட்டி வீடுகளும் தெருக்களும் இருந்தால் பகைவர் அவற்றின் மறைவில் நெருங்கிவிடுவர் என்னும் அச்சத்தால், பழைய கறுப்பர் பட்டணம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய வெட்டவெளி வேண்டுமென்பது படைத்துறையின் கணக்கு. அந்தக் கணக்குக்கு 1757இல் சென்னகேசவர் கோயிலும் இரையாயிற்று. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் நிலப்பரப்பே அக்கோயில் இருந்த இடம். 1758 டிசம்பரில் லாலியின் படை வந்து முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் பின்வாங்கியது. பட்டணம் பிழைத்தது, பட்டணத்தின் கோயில் இல்லை.

அக்காலத்தில் ஆளுநராயிருந்தவர் ஜார்ஜ் பிகட். அவருடைய துவிபாஷியாய் விளங்கியவரே முத்துக்கிருஷ்ண முதலியார். துவிபாஷி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். துரைக்குக் கண்ணும் செவியுமாய் இருந்து, கொடுக்கல் வாங்கலைக் கவனித்து, வணிகரையும் குடிகளையும் துரையிடம் இட்டுச் செல்லும் இடையாளர். அப்பதவியில் செல்வமும் குவிந்தது, பழியும் சேர்ந்தது. கோயிலை இடித்த அரசின் ஊழியத்தில் ஈட்டிய பொருள் தம் கையிலிருக்க, தெய்வத்தை இழந்த மக்கள் தம் வாயிலில் நிற்க, இரு கடமைகளுக்கிடையே நின்றவர் முதலியார்.

அவர் தேர்ந்த வழி தெளிவானது. இழந்த கோயிலுக்கு ஈடாக 1762இல் கும்பினி அரசு பெத்துநாயக்கன்பேட்டையில் நிலம் வழங்கியது. நிலம் மட்டும் கிடைத்தால் போதுமா? முதலியார் தம் பொருளை முன்னே வைத்தார். அதனைக் கண்டு பட்டணத்து மக்களும் தத்தம் பங்கைத் தந்தனர். சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் அருகருகே இரு கோயில்கள் எழுந்தன. சைவமும் வைணவமும் அடுத்தடுத்து வாழும் அவ்விரட்டைக் கோயில்கள், பூக்கடைப் பகுதியின் நெரிசலுக்கு நடுவே இன்றும் மணியோசை எழுப்பி நிற்கின்றன.

கல்லுக்குச் செய்ததைச் சொல்லுக்கும் செய்தார் முதலியார். சீர்காழி அருணாசலக் கவிராயர் இராமகாதையை எளிய கீர்த்தனைகளாக்கி, இராம நாடகம் என்னும் அரிய நூலை யாத்துத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார். புலமையுடையார்க்கும் வறுமை உண்டன்றோ? அக்கவிராயரைச் சென்னைக்கு வரவழைத்துப் போற்றிப் பொருள் வழங்கியவர் மணலி முதலியார். கம்பனைக் கற்க வாய்ப்பில்லாத எளிய மக்களும் இராமகாதையைப் பாடி மகிழ வழிசெய்த நூலின் பின்னே இவ்வள்ளலின் கை இருந்தது.

மரம் நட்டவர் மறைந்த பின்னும் நிழல் தொடர்ந்தது. திருவாரூர் இராமசாமி தீட்சிதரின் குடும்பம் மணலிக்கு வந்து தங்கியது. முதலியாரின் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார் அவர்களைப் பேணினார். சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் இளமையில் உலவியது இந்த மணலியில்தான். கோட்டையில் முழங்கிய மேனாட்டு வாத்தியக் குழுவின் மெட்டுகளைச் செவிமடுத்து, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவ்வாறு பிறந்த நோட்டுசுவரங்கள் ஏறத்தாழ 40. அவருடைய இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அக்கருவியைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். கச்சேரி மேடையில் வயலின் ஒலிக்குமிடமெல்லாம் மணலிக்கும் ஒரு பங்கு உண்டு.

பிகட்டின் கதை வேறு விதமாய் முடிந்தது. இரண்டாம் முறை ஆளுநராய் வந்தவரை 1776இல் தம் சபையினரே சிறைப்படுத்தினர். மறு ஆண்டில் காவலிலேயே அவர் உயிர் நீத்தார். அதிகாரம் நிலைக்கவில்லை. அவ்வதிகாரத்தின் நிழலில் ஈட்டிய பொருள் மட்டும் கோயிலாகவும் கீர்த்தனையாகவும் இசையாகவும் மாறி நிலைத்தது.

கும்பினியாரின் ஊழியர் என்று முதலியாரை ஒதுக்குவோரும் உண்டு. அவ்வூழியத்தை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்நிழலில் செழித்தோர் பலர். ஊர் இழந்ததை ஊருக்கே மீட்டுத் தந்தோர் சிலரே. அச்சிலருள் முன்னிற்பவர் நம் மணலியார்.

பாரிமுனையில், இதற்கப்பால் கோட்டைப் பக்கம் வீடு கட்டலாகாது என்று 1773இல் நட்ட எல்லைத் தூண் ஒன்று இன்றும் உள்ளது. இடித்தவர் நாட்டிய கல் அது. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இரட்டைக் கோயில்கள் உள்ளன. அவை மீண்டும் கட்டியவர் எழுப்பிய கல். பத்தாண்டுகளை நிறைவு செய்யும் நம் இலக்கிய வட்டத்தினர் ஒருநாள் இவ்விரண்டையும் சென்று காண வேண்டும். கவிஞனைப் போற்றக் கைகள் இருந்தால்தான் கவிதை ஊரெல்லாம் ஒலிக்கும் என்பதை, ஆலைப் புகை சூழ்ந்த இந்த மண் என்றோ உலகுக்குக் காட்டிவிட்டது. அந்த மரபின் வழித்தோன்றல்கள் நாம் என்று எண்ணுவோம்; எண்ணியதற்கேற்ப நடப்போம்.