475 போர் விமானங்களை விலைக்கு வாங்கியவர்... யார் இந்த பால் மான்ட்ஸ்?

‘டாப் கன்: மேவரிக்’ படத்தில் டாம் க்ரூஸ் வைத்திருக்கும் பழைய பி-51 மஸ்டாங் விமானம் நினைவிருக்கிறதா? அது செட் இல்லை, சிஜியும் இல்லை. க்ரூஸின் சொந்த விமானம். நிஜ விமானம், நிஜ வானம் என்றால் இன்று அதுவே பெரிய செய்தி. ஆனால், கம்ப்யூட்டர் வராத காலத்தில் ஹாலிவுட்டுக்கு வேறு வழியே கிடையாது. திரையில் ஒரு விமானம் நொறுங்க வேண்டுமென்றால், யாராவது ஒருத்தர் அதில் உட்கார்ந்து நொறுக்க வேண்டும்.

அந்த ‘யாராவது ஒருத்தர்’ முப்பது வருஷத்துக்கும் மேலாக பெரும்பாலும் ஒரே ஆள்தான். பெயர், பால் மான்ட்ஸ்.

1903-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 16 வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். ஃபீஸுக்குப் பணம்? அது இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோய்க் காலம். சவ வண்டி ஓட்டிச் சம்பாதித்தார். கற்றுக்கொண்டிருக்கும்போதே, பயிற்சி கொடுத்தவர் விபத்தில் இறப்பதைக் கண்ணால் பார்த்தார். பறப்பதையே விட்டுவிட்டார்.

சில வருஷங்கள் கழித்து ஆசை திரும்ப வந்தது. ராணுவ விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பு வேண்டும். மான்ட்ஸிடம் அது இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டை வைத்துச் சமாளித்து உள்ளே நுழைந்தார் என்று சொல்வார்கள். ஆனால், உள்ளே தங்க முடியவில்லை. 1927-ல் பட்டமளிப்புக்குச் சில நாட்களே இருந்தபோது, பாலைவனத்தில் வந்துகொண்டிருந்த ஒரு ரயிலைப் பார்த்திருக்கிறார். சும்மா இருக்காமல், தண்டவாளத்துக்குச் சில அடி உயரத்தில் ரயிலுக்கு நேர் எதிரே பறந்து, கடைசி நொடியில் மேலே ஏறினார். ரயிலுக்குள் இருந்தவர்கள் யார் தெரியுமா? அதே பட்டமளிப்பு விழாவுக்கு வந்துகொண்டிருந்த ராணுவ உயரதிகாரிகள். வேலை முடிந்தது.

1930-ல், தொடர்ந்து 46 முறை ‘அவுட்சைட் லூப்’ அடித்துச் சாதனை படைத்தார். சாதாரண லூப்பில் விமானியின் தலை வட்டத்தின் உள்பக்கம் இருக்கும். இதில் வெளிப்பக்கம். அதனால் உடம்பில் இருக்கும் ரத்தமெல்லாம் தலைக்குப் பாயும். ஒன்றிரண்டு அடிப்பதே கஷ்டம்.

ஹாலிவுட் அவரைக் கவனிக்க ஆரம்பித்தது. 1932-ல் ஜான் ஃபோர்டு இயக்கிய ‘ஏர் மெயில்’ படத்துக்காக ஒரு ஹேங்கரின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார், பறந்தபடியே. இறக்கைகளுக்கும் சுவருக்கும் நடுவே சில அடிகள்தான் இடைவெளி.

இதில் முக்கியமான விஷயம், மான்ட்ஸ் தன்னை ஸ்டன்ட்மேன் என்று சொல்லிக்கொள்ள விரும்பியதில்லை. துல்லியமாகப் பறப்பவர் என்பதே அவருக்குப் பிடித்த அடையாளம். காற்று, வேகம், இறக்கையின் நீளம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். ரயிலோடு விளையாடிய இளைஞன்தான் இவர் என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

பெண் விமானி அமேலியா இயர்ஹார்ட் உலகைச் சுற்றிவரத் திட்டமிட்டபோது தொழில்நுட்ப ஆலோசகராகத் தேர்ந்தெடுத்தது மான்ட்ஸைத்தான். 1937 மார்ச்சில் நடந்த முதல் முயற்சியில் ஹவாய் வரை கூடவே போனார். ஹவாயிலிருந்து மறுபடி கிளம்பும்போது விமானம் ரன்வேயிலேயே சேதமடைந்தது. பழுதுபார்த்த பிறகு, மான்ட்ஸ் ஊரில் இல்லாத நேரத்தில் அமேலியா இரண்டாவது முயற்சியைத் தொடங்கிவிட்டார். ஜூலை 2-ம் தேதி பசிபிக் கடலில் காணாமல்போனார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும்தான் மான்ட்ஸின் பெயரை எல்லோரும் பேசிய சம்பவம் நடந்தது. அமெரிக்க ராணுவம் தேவைப்படாத விமானங்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தது. ஓக்லஹோமாவில் நின்ற 475 விமானங்களை மொத்தமாக 55,000 டாலருக்கு வாங்கினார். குண்டுவீச்சு விமானங்கள், போர் விமானங்கள் எல்லாம் கலந்து, ஒன்று சுமார் 116 டாலர்! உலகின் பெரிய விமானப் படைகளின் வரிசையில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று கிண்டலாகச் சொல்லிக்கொண்டார். டேங்குகளில் மிச்சமிருந்த பெட்ரோலை விற்றே போட்ட காசில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார் என்பார்கள். கையில் வைத்துக்கொண்டது பத்துப் பன்னிரண்டுதான். மற்றதெல்லாம் பழைய இரும்புக்குப் போனது.

வைத்துக்கொண்டதில் பி-51 மஸ்டாங்குகளும் உண்டு. ஒன்றைச் சிவப்பு பெயின்ட் அடித்து, இறக்கைகளையே எரிபொருள் டேங்காக மாற்றினார். வெளியே தனி டேங்க் தொங்காததால் காற்றின் தடை குறைந்தது, வேகம் கூடியது. கலிஃபோர்னியாவிலிருந்து க்ளீவ்லாண்டு வரை நடந்த பெண்டிக்ஸ் பந்தயத்தில் 1946, 1947, 1948 என மூன்று வருஷமும் ஜெயித்தவர் மான்ட்ஸ். முதல் இரண்டு வெற்றிகளைக் கொடுத்த அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் செய்த காட்சிகளில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், 1949-ல் வந்த ‘ட்வெல்வ் ஓ’க்ளாக் ஹை’ பாருங்கள். படத்தின் ஆரம்பத்தில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம், சக்கரங்களை வெளியே எடுக்காமல் வயிற்றால் தரையில் இறங்கிச் சறுக்கிக்கொண்டே கூடாரங்களுக்குள் புகும். நான்கு இன்ஜின் கொண்ட பெரிய விமானம் அது. போரில் சுமார் பத்துப் பேர் பறந்தது. மான்ட்ஸ் தனியாக ஓட்டினார். ரீடேக் கேட்க முடியாத ஷாட். சம்பளம் 4,500 டாலர்.

1961-ல் ஃப்ராங்க் டால்மன் என்ற இன்னொரு விமானியோடு சேர்ந்து ‘டால்மான்ட்ஸ் ஏவியேஷன்’ தொடங்கினார். 1965-ல் ‘த ஃப்ளைட் ஆஃப் த பீனிக்ஸ்’ பட வாய்ப்பு வந்தது. பாலைவனத்தில் விழுந்த விமானத்தின் பாகங்களை வைத்து, உயிர் பிழைத்தவர்கள் இன்னொரு விமானம் கட்டிப் பறக்கும் கதை. படத்துக்காக நிஜமாகவே பல விமானங்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு விமானம் கட்டினார்கள். ஓட்டியிருக்க வேண்டியவர் டால்மன். அவருக்கு முழங்காலில் அடிபட்டு, பின்னர் காலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மான்ட்ஸ் முன்வந்தார். அப்போது அவருக்கு 61 வயது.

ஜூலை 8-ம் தேதி காலை, யூமா நகருக்கு அருகில் மணல்மேடுகள். தாழ்வாக வந்து மணலைத் தொட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். திரையில் அது டேக்-ஆஃப் போலத் தெரியும். முதல் டேக் ஓகே. இருந்தாலும் பாதுகாப்புக்காக இன்னொன்று எடுத்துவைக்கலாம் என்று மறுபடி வந்தார். இந்த முறை விமானம் தரையில் பலமாக மோதியது. மேலே ஏற இன்ஜினை முடுக்கியபோது, இறக்கைக்குப் பின்னால் உடல் இரண்டாக உடைந்து, முன்பகுதி குப்புற விழுந்தது. மான்ட்ஸ் அங்கேயே இறந்தார். பின்னால் நின்றிருந்த ஸ்டன்ட்மேன் பாபி ரோஸ் காயங்களோடு தப்பினார்.

விசாரணையில், பறப்பதற்கு முன் மான்ட்ஸ் மது அருந்தியிருந்ததும், அது அவருடைய கணிப்பைப் பாதித்ததும் காரணங்களில் ஒன்றாகப் பதிவானது. இதை விட்டுவிட்டு இவர் கதையைச் சொல்வது நேர்மையாக இருக்காது. அதே சமயம், எடுத்து முடித்த ஒரு ஷாட்டுக்கு, ஒட்டுப்போட்ட விமானத்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இன்னொரு டேக் தேவைதானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

டால்மன் ஒற்றைக்காலோடு மறுபடி பறக்கப் பழகி, ‘கேட்ச்-22’ உட்பட பல படங்களுக்குப் பறந்தார். 1978-ல் அவரும் விமான விபத்தில்தான் இறந்தார்.

‘பீனிக்ஸ்’ படம் அதே வருஷம் டிசம்பரில் வெளியானது. இந்தப் படத்துக்காக மான்ட்ஸ் உயிரைக் கொடுத்ததை டைட்டில் கார்டில் நினைவுகூர்ந்திருப்பார்கள். மிச்சமிருந்த காட்சிகளுக்கு ஓ-47 என்ற வேறொரு பழைய விமானத்தைப் பயன்படுத்தினார்கள். க்ளைமாக்ஸை உற்றுப் பார்த்தால், ஷாட்டுக்கு ஷாட் விமானம் மாறுவது தெரியும்.