ஏட்டில் அடங்காப் பெருமகன்

ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை அளந்தறிய இக்காலத்தார் கையாளும் அளவுகோல் ஒன்றுண்டு. அவர் எழுதிய கட்டுரையைப் பின்வந்தோர் தத்தம் கட்டுரைகளில் எத்துணை முறை மேற்கோளாகக் காட்டினர் என எண்ணுவதே அது. வைத்திய ஆராய்ச்சியிற் சிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் வாழ்வு, அவ்வளவுகோலின் பயனையும் குறையையும் ஒருங்கே உணர்த்துவதாம்.

1895ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்திற் பிறந்த இவர், மெற்றிக்குலேசன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் கதராடை உடுத்தமை பேராசிரியர் ஒருவருக்கு ஒவ்வாதாயிற்று. அதனால் உயர் பட்டம் கிட்டாது எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. ஸ்புரூ என்னும் கழிச்சல் நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த துயர் அவரை ஆராய்ச்சியில் உந்தியது. அமெரிக்கா சென்று, மருத்துவமனையொன்றில் இரவுவேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டிற் கற்றார்.

அங்கே சைரஸ் பிஸ்க் என்பாருடன் 1925இல், குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை நீலநிறத்தின் செறிவு கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டார். நிறம் மிகுந்தாற் பொசுபரசும் மிகும். உலகின் ஆய்வுகூடங்கள் பல இம்முறையைக் கைக்கொண்டன. அக்கட்டுரை பல்லாயிரம் கட்டுரைகளில் மேற்கோளாயிற்று. ஆயினும் 1960களில் அச்சாகத் தொடங்கிய மேற்கோள் அட்டவணை, ஒரு கட்டுரையை அதன் முதலாசிரியர் பெயரின் கீழேயே வரிசைப்படுத்தியது. ஆகவே அப்பெருந்தொகை பிஸ்க் பெயரின்கீழ் நின்றது. சுப்பாராவ் பெயரைத் தேடினோர் அதனை ஆண்டுக் காண்கிலர். அன்றியும், ஒரு முறை எல்லார்க்கும் கைவந்த பொதுவுடைமையானபின் அதனைக் கண்டவர் பெயரை எவரும் குறிப்பதில்லை. நெல்லை உண்போர் முதல் விதைத்தவனை நினையாமை போன்றது அது.

1940இல் லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்து ஆராய்ச்சிக் குழுக்களை வழிநடத்தினார். போலிக் அமிலம் அங்கே செயற்கையாக ஆக்கப்பட்டது. அது ஸ்புரூவுக்கும் மருந்தாயிற்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாயினும் தணித்த அமினோப்டெரினும், யானைக்கால் நோய்க்கான டைஎதைல்கார்பமசீனும் அக்குழுக்களின் உழைப்பில் விளைந்தவையே. 1948இல், தமது 53ஆம் வயதில், அவர் உலக வாழ்வை நீத்தார்.

மாம்புரிக் கரையிலிருந்து நோக்குவோர்க்கு அவர் அயலாரல்லர். புத்தளம் உள்ளிட்ட எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் மக்களுக்கு வழங்கப்பட்ட மாத்திரைகளுள் ஒன்று அந்த டைஎதைல்கார்பமசீனே. 2016இல் உலக சுகாதார நிறுவனம், யானைக்கால் நோய் இலங்கையில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையன்று எனச் சான்றளித்தது. மாத்திரை விழுங்கிய மீனவனோ தோட்டக்காரனோ கட்டுரை எழுதுவதில்லை. ஆதலால் அவன் நலம் எவ்வட்டவணையிலும் ஏறுவதில்லை.

எண்ணுதல் தீதன்று, ஓர் அறிவு எங்கெங்கே பரந்தது என அது காட்டும். எனினும் ஏட்டில் ஏறிய எண்ணையே முழுப் பெருமையெனக் கொள்ளுதல், கிணற்றின் ஆழத்தைக் கயிற்றால் அளந்து, அதன் நீரின் சுவையையும் அறிந்ததாகக் கூறுதல் போலாம். கல்லூரியை விட்டுப் புகழ்தேடிப் புறப்படும் இளைஞர் இப்பெருமகனின் வாழ்வை நெஞ்சிற் கொள்வாராக.